சிவில் கிடைத்தவர்கள்

தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கப் போகிறவர் எந்தத் துறையில் படிப்பார் என்பதைப் பல ஆண்டுகளாக ஓர் எண் தீர்மானித்து வருகிறது. 2001-இல் அந்த எண் 300-க்குக் கணக்கிடப்பட்டது. பிளஸ் டூவில் 200-க்கு எழுதிய கணிதம் 100 ஆகச் சுருங்கும். இயற்பியலும் வேதியியலும் தலா 50 ஆகும். மீதி 100 நுழைவுத் தேர்வுக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் வருவது கட்-ஆஃப். அரை மதிப்பெண்ணில் தரவரிசையில் எங்கோ பின்னால் போனவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 2007-08 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு விலக்கப்பட்டு கட்-ஆஃப் 200 ஆனது. 2018-இல் கலந்தாய்வு இணையத்துக்குப் போனது. ஆனால், தான் ஒருநாளும் அருகில் நின்று பார்த்திராத தொழிலைப் பதினேழு வயதில் ஒருவர் எடுத்துக்கொள்வது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

2001-இல் தென்மாவட்டத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் சிவில் துறையில் சேர்ந்து 2005-இல் வெளியே வந்த வகுப்பு, எடுத்த படிப்பு தனக்குச் சரிதானா என்று ஒருவர் எப்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறார், எதையெல்லாம் விடையென்று நம்பிவிடுகிறார் என்பதற்கு நல்ல சாட்சி. சிவிலை விரும்பி எடுத்தவர்கள் அதில் மிகச் சிலரே. அதனால் கேள்வி கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருந்தது.

ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு அப்போது அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடந்தது. ராத்திரி ரயிலில் கிளம்பி எழும்பூரில் இறங்கி, மின்சார ரயிலில் கிண்டிக்கு வந்து, சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். திரையில் கல்லூரியின் பெயர், துறை, மீதமுள்ள இடம். முந்தைய குழு உள்ளே இருக்கும்போதே எண்கள் குறைந்துகொண்டு வரும். ஈ.சி.ஈ., கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. மூன்றும் முதலில் தீரும். பிறகு ட்ரிபிள் ஈ, மெக்கானிக்கல். உள்ளே போனால் முடிவெடுக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். பேர்பெற்ற கல்லூரியில் சிவிலா, பேர் தெரியாத கல்லூரியில் ஐ.டி.யா என்று தகப்பனும் பிள்ளையும் கிசுகிசுப்பதுதான் அங்கே அதிகம் கேட்ட பேச்சு. சிவில் படித்தவர் காலையில் எழுந்து எங்கே போவார், அங்கே என்ன செய்வார் என்பது அந்தப் பேச்சில் வராது. கேட்டாலும் சொல்லக்கூடியவர் பக்கத்தில் இல்லை.

அந்த வளாகத்திலிருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் பரங்கிமலை அருகேதான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் தளக்கோடு அளந்து, இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் அளக்கும் பெரும் வேலையை ஆரம்பித்தார். சிவில் என்று அச்சிட்ட ஒதுக்கீட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு தொங்கிய முகத்தோடு வெளியே வந்தவர்களுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் முகம் மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது வேலை கிடைக்குமா என்பது ஒன்றே.

வகுப்பில் ஒருவரின் தந்தை பொதுப்பணித் துறையில் சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்த கான்ட்ராக்டர். சிறுபாலம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் போன்றவை. இன்னொருவர் கொத்தனார் மேஸ்திரியின் மகன். இவர்கள் இருவருக்கும் சிமெண்ட் மூட்டையும் ஜல்லியும் வீட்டுப் பேச்சு. மற்றவர்களில் பலர் ஈ.சி.ஈ.யை ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறவிட்டவர்கள், அல்லது தவறவிட்டதாகச் சொல்லிக்கொண்டவர்கள். பெண்களின் வீடுகளில் கணக்கு வேறு மாதிரி இருந்தது: சிவில் என்றால் அரசாங்கத்தில் உதவிப் பொறியாளர் ஆகலாம், இல்லாவிட்டால் கல்லூரியில் பாடம் எடுக்கலாம். கட்டுமான இடத்துக்குப் போகும் வேலை அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

துறையைப் பற்றிய முதல் சந்தேகம் வகுப்பறையில் எழுவதில்லை. அது கல்யாண வீட்டுப் பந்தியில் எழும். என்ன டிபார்ட்மென்ட் என்று சித்தப்பா ஒருவர் கேட்பார், சிவில் என்றதும், "சிவிலா..." என்று இழுத்துவிட்டு இலையைப் பார்ப்பார். முதல் ஆண்டு முழுவதும் இந்த வகுப்பு சுமந்து திரிந்த மனவருத்தத்தில் பாதிக்கு மேல் அந்த இழுப்பிலிருந்து வந்ததே. படிப்பு பொருந்தவில்லை என்ற எண்ணமும், படிப்புக்கு மதிப்பில்லை என்ற கூச்சமும் உள்ளுக்குள் ஒரே மாதிரிதான் வலிக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வயது அது இல்லை. ஆனால் பிரிக்காமல் எடுத்த முடிவுகள் பின்னால் அதிகம் உறுத்தின. கூச்சத்தால் மட்டும் துறையை வெறுத்தவர்களில் பலர், முதல் வேலை கிடைத்து ஊரில் தலை நிமிர்ந்ததும் அந்த வெறுப்பை மறந்தே போனார்கள்.

முதல் ஆண்டுப் பாடங்கள் எல்லாத் துறைக்கும் பொதுவானவை. கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், சி மொழியில் நிரல் எழுதுதல், ஒர்க்ஷாப். இவற்றில் வந்த மதிப்பெண்ணையோ அரியரையோ கொண்டு சிவில் தனக்கு ஆகுமா ஆகாதா என்று முடிவு கட்டியவர்கள் இருந்தார்கள். கணிதத்தில் அரியர் வைத்தவருக்கு எல்லாத் துறையிலும் அதே அரியர்தான் விழுந்திருக்கும். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் மட்டும் கொஞ்சம் வேறு. மினி டிராஃப்டரைப் பலகையில் பொருத்தி, ஒரு பொருளை மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைய வேண்டும். சிலருக்குப் பொருள் மனக்கண்ணில் உடனே திரும்பிக் காட்டும். சிலர் கோடுகளை மனப்பாடம் செய்வார்கள். மனப்பாடக்காரர்கள் சிலர் முதல் மதிப்பெண்ணும் வாங்கினார்கள். ஒருவருடைய திறன் எங்கே இருக்கிறது என்பதை மதிப்பெண் மறைத்துவிட முடியும் என்பதை அந்த வகுப்பு முதலில் கண்ட இடம் அது. அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் ஆண்டில் துறைப் பாடங்கள் வந்தன. பொருள்களின் வலிமை, நீர்மங்களின் இயக்கம், நில அளவை, அதையடுத்து மண் இயக்கவியல். இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் நேர்ந்தது. பொருள்களின் வலிமையை நடத்தியவர் ஒரு உத்தரத்தின் மேல் எடையை வைத்தால் அது எங்கே வளையும், எங்கே முறியும் என்று சாக்பீஸை முறித்துக் காட்டி நடத்தினார். பாடம் எல்லோருக்கும் பிடித்தது. மண் இயக்கவியலை நடத்தியவர் நோட்ஸைப் படித்துச் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். பாடம் எல்லோருக்கும் கசந்தது. கட்டமைப்பு வடிவமைப்புதான் தன் வழி, மண் தொடர்பான வேலை தனக்கு ஆகாது என்று அந்த ஆண்டே தீர்மானித்தவர்கள் உண்மையில் இரண்டு ஆசிரியர்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்கள்.

மூன்றாம் ஆண்டில் கல்லூரியிலேயே புதுக் கட்டடம் ஒன்றுக்கு மண் பரிசோதனை நடந்தது. முக்காலியும் கப்பியுமாக வந்து துளை போட்டார்கள். 63.5 கிலோ சுத்தியலை 750 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. களிமண்ணில் நாலைந்து அடியில் இறங்கிய குழாய், கீழே சரளை வந்ததும் அடிக்கு அடி முறைத்துக்கொண்டு நின்றது. நோட்ஸில் 'N மதிப்பு' என்று எழுதி வைத்திருந்தது இந்தச் சத்தத்தைத்தான் என்று அன்றைக்கு விளங்கியது. மண் பாடத்தில் அரியர் வைத்திருந்த ஒருவர் மதிய வகுப்புக்குப் போகாமல் சாயங்காலம் வரை அங்கேயே நின்றார். பிற்பாடு அடித்தளம் போடும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து அதிலேயே தங்கிவிட்டவர் அவர்.

சர்வே கேம்ப் இதைவிடத் தெளிவாக ஆட்களைப் பிரித்தது. மலைப்பாங்கான ஓர் ஊரில் தங்கி, தியோடலைட், டம்பி லெவல், அளவுகோல், ரேஞ்சிங் ராட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். லெவல் எடுத்துக்கொண்டே போய்ச் சுற்றி வந்து, தொடங்கிய புள்ளியிலேயே முடிக்கும்போது கணக்கு அதே உயரத்தைக் காட்ட வேண்டும். காட்டாது. எங்கோ ஓரிடத்தில் கோலைச் சாய்த்துப் பிடித்திருப்பார்கள், அல்லது அளவைத் தப்பாகப் படித்திருப்பார்கள். பிழை அனுமதித்த எல்லையைத் தாண்டினால் மறுபடி போக வேண்டும் என்பது விதி. ராத்திரி அறையில் உட்கார்ந்து நடுவில் ஒன்றிரண்டு அளவுகளைத் திருத்திக் கணக்கை முட்ட வைத்துவிடுவது நடைமுறை. ஹாஸ்டல் பாஷையில் அதற்கு அடித்துவிடுவது என்று பெயர்.

பெரும்பாலான குழுக்கள் அடித்துவிட்டுத் தூங்கின. ஒரு குழுவில் ஒருவருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மற்றவர்களை எழுப்பி, திட்டு வாங்கி, ஓர் ஓடையைத் தாண்டிய பகுதியை மறுபடி அளக்க வைத்தார். அவர் வகுப்பில் முன்னணி மாணவர் இல்லை. நேர்மை பற்றிப் பேசுகிறவரும் இல்லை. பரீட்சையில் பிட் வைத்திருக்கிறார். ஆனால் நிலத்தின் அளவு தப்பாக இருப்பது அவரைப் படுத்தியது. ஒரு தொழில் ஒருவருக்குப் பொருந்துமா என்பதற்கு இந்த வகுப்பின் அனுபவத்தில் கிடைத்த அடையாளங்களில் நம்பத்தக்கது இதுதான்: அந்தத் தொழிலில் நேரும் பிழை தன்னை உறுத்துகிறதா என்பது. பாடத்தின் மேல் ஆர்வம் இருக்கிறதா என்று கேட்டால் அன்றைய மனநிலைக்கு ஏற்பப் பதில் வரும். திறமை இருக்கிறதா என்றால் மதிப்பெண் குறுக்கே வந்து நிற்கும். பிழை உறுத்துவதைப் பாசாங்கு செய்ய முடியாது, தூண்டி வரவழைக்கவும் முடியாது.

இதே வகுப்பில் இரண்டாம் ஆண்டில் நேரடியாக வந்து சேர்ந்த டிப்ளமாக்காரர்கள் சிலர் இருந்தார்கள். பாலிடெக்னிக் முடித்து, சிலர் ஓரிரு ஆண்டு சைட்டில் வேலையும் பார்த்துவிட்டு வந்தவர்கள். கணிதத்தில் திணறினார்கள், ஆங்கிலத்தில் வைவா என்றால் வியர்த்தார்கள். முதல் ஆண்டிலிருந்து படித்தவர்கள் அவர்களைக் கொஞ்சம் கீழாகத்தான் பார்த்தார்கள். ஆனால் துறை சரியா என்ற கேள்வி அவர்களிடம் ஒருபோதும் எழவில்லை. கான்கிரீட் போடும் நாளில் என்ன நடக்கும், சம்பளம் எந்தத் தேதியில் தள்ளிப்போகும், மழைக்காலத்தில் யார் மேல் பழி விழும் என்பதெல்லாம் தெரிந்தே திரும்ப வந்தவர்கள் அவர்கள். பட்டம் எதற்காக வேண்டும் என்றும் தெரியும்: சூப்பர்வைசர் என்ற இடத்திலிருந்து இன்ஜினியர் என்ற இடத்துக்குப் போக. வேலையைப் பார்த்துவிட்டுப் படிக்க வருவது எவ்வளவு பெரிய வசதி என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கலந்தாய்வு முறை அந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் படிப்பு, பிறகு வேலை என்று வைத்திருக்கிறது.

இன்பிளான்ட் டிரெய்னிங் என்ற பெயரில் விடுமுறையில் சில வாரம் கட்டுமான இடத்தில் இருக்க வேண்டும் என்று பாடத்திட்டம் சொன்னது. தெரிந்த கான்ட்ராக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊரில் இருந்தவர்களே அதிகம். உண்மையாகப் போனவர்களுக்கு அது வீண் போகவில்லை. பிடித்துப்போனவர்களுக்கு மட்டுமல்ல, பிடிக்காமல் போனவர்களுக்கும்.

2004-05 கல்வியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூ சூடு பிடித்தது. 2000-01-இல் அமெரிக்காவில் டாட்-காம் நிறுவனங்கள் சரிந்த பிறகு சுணங்கியிருந்த ஐ.டி. நிறுவனங்கள் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்திருந்தன. எந்தத் துறையாக இருந்தாலும் சரி. எல்லாப் பரீட்சையிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இல்லை, ஆப்டிடியூட் தேர்வில் தேறினால் போதும். குழாய்கள் தொட்டியை நிரப்பும் கணக்கு, ரயில் பாலத்தைக் கடக்கும் கணக்கு. நீரியல் படித்த மாணவர்கள் தொட்டிக் கணக்கை ஆறாம் வகுப்புக் கணக்காகத் திரும்பப் படித்தார்கள். கட்டுமான நிறுவனங்களும் வந்தன, ஆனால் குறைவாக. சம்பளமும் தெளிவாகக் குறைவு.

வகுப்பில் பெரும்பகுதி ஐ.டி. ஆஃபர் வாங்கியது. அந்த முடிவில் பொருத்தம் என்ற பேச்சே இல்லை, கல்விக்கடன் இருந்தது. 2001-இல் வங்கிகள் ஏற்ற கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கிடைத்தது. படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முந்துகிறதோ அப்போது தவணை ஆரம்பம். வீட்டில் தங்கைக்கு வரன் பார்க்கும் பேச்சு. இப்படி இருக்கிறவர் கூடுதல் சம்பளம் தருகிற இடத்துக்குப் போவதில் குறை சொல்ல என்ன இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில் வந்தது. பணத்துக்காக எடுத்த முடிவை, சிவில் எனக்குப் பிடிக்கவில்லை அதனால் போனேன் என்று சிலர் தமக்கே சொல்லிக்கொண்டார்கள். கடன் தீர்ந்தபின் திரும்பிவந்திருக்கக்கூடிய ஒரு வழியை அந்தப் பேச்சே அடைத்துவிட்டது.

சைட்டுக்குப் போனவர்களின் முதல் ஆண்டு கடினமானது. சிலர் தங்க நாற்கரச் சாலைப் பணிகளின் கடைசிக் கட்டத்தில் சேர்ந்தார்கள். சிலர் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரத்தில் எழுந்த குடியிருப்புகளில். சிலர் சென்னையில் அடுக்குமாடிக் கட்டடங்களில். வேலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. காலை ஏழு மணிக்கு முன் ஆட்கள் வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். கம்பி கட்டியது வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா, கம்பிக்கும் பலகைக்கும் இடையில் கவர் பிளாக் வைத்திருக்கிறதா, சென்ட்ரிங்கில் முட்டு சரியாக நிற்கிறதா என்று குனிந்தும் தவழ்ந்தும் பார்க்க வேண்டும். ஜல்லி லாரி வராது. வந்தால் வைப்ரேட்டர் ஓடாது. இரண்டும் சரியாக இருந்தால் மழை வரும்.

கான்கிரீட் கலக்கும்போதுதான் உண்மையான பரீட்சை. கலவை இறுகலாக இருந்தால் அள்ளிப் போடுவது கஷ்டம். இரண்டு வாளித் தண்ணீர் கூட விட்டால் கொழகொழவென்று தானாக ஓடும். முப்பது வருஷ அனுபவமுள்ள மேஸ்திரி விடச் சொல்வார். தண்ணீர் கூடினால் வலிமை குறையும் என்று பாடத்தில் படித்த இருபத்திரண்டு வயதுக்காரர் விடக்கூடாது என்று சொல்ல வேண்டும். மேஸ்திரியின் மரியாதையும் கெடக்கூடாது, வேலையும் நிற்கக்கூடாது. அன்றைக்கு விட்டுக்கொடுத்தால் உடனே ஒன்றும் ஆகாது. 150 மில்லிமீட்டர் கனச்சதுரங்களை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். அதற்குள் மேலே இன்னொரு தளம் ஏறியிருக்கும். இந்திய நெறிமுறை ஐ.எஸ். 456, நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு ஏழு நாளும் அதற்கு மேல் பதினாலு நாளும் முட்டுகளைப் பிரிக்கக்கூடாது என்கிறது. பலகை வாடகை ஏறுகிறதே என்று வீட்டுக்காரரும் கான்ட்ராக்டரும் சேர்ந்து நெருக்குவார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்த வாக்குவாதம்தான் சைட் இன்ஜினியர் வேலையில் பெரும்பகுதி.

வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்த ஒருவர் இதைச் சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை. கலவையில் நடக்கும் தப்பு அவருக்குப் புரிந்தது; சண்டை போட வாய் வரவில்லை. தனக்கு சிவிலே சரிப்படாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் சேர்ந்து, ஸ்டாட் புரோ மென்பொருளில் கட்டடச் சட்டகங்களை அலசும் வேலையில் உட்கார்ந்ததும் ஆள் மாறிப்போனார். வரைபடத்தில் ஒரு உத்தரத்துக்குச் சுமை விட்டுப்போயிருந்தால் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தேடுகிற ரகம். துறை ஒன்றுதான், அதற்குள் இருக்கும் வேலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. சைட், வடிவமைப்பு, மதிப்பீடு, ஒப்பந்தம், தரக்கட்டுப்பாடு, மண் ஆய்வு, நீர்வளம், சாலைப் போக்குவரத்து என்று ஒவ்வொன்றும் வேறு சுபாவத்தைக் கேட்கும். முதல் வேலையில் பட்ட கசப்பை வைத்துத் துறையையே கைவிட்டவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல ஆளில்லை.

ஐ.டி.க்குப் போனவர்களில் மூவர் நால்வர் அங்கே தம் இடத்தைக் கண்டார்கள். அதில் ஒருவரைப் பற்றிய குறிப்பு கல்லூரியிலேயே இருந்தது: வளைவுத் திருப்புத்திறன் வரைபடங்களைக் கையால் போடுவதற்குச் சோம்பல்பட்டு, அதைக் கணக்கிடும் நிரலைச் சி மொழியில் எழுதி வகுப்புக்கே கொடுத்தவர். நிரலில் ஒரு குறியீடு தவறி விடை மாறினால் விடிய விடிய உட்காருவார். உத்தரம் வளைந்தால் அவருக்குக் கவலையில்லை. வகுப்பு அதைச் சோம்பேறித்தனம் என்றே எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் பயிற்சி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து, பிராஜெக்ட் கிடைத்து, ஆண்டுக்கு ஆண்டு சம்பளம் ஏறிப் பழகிக்கொண்டார்கள். பழகிக்கொள்வது தோல்வியில்லை. தொழிலில் பேரின்பம் காணாமல், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு இருப்பதில் நிறைவு காண்பவரை, தவறான துறையில் சிக்கிக்கொண்டவர் என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை.

எம்.இ. சேர்ந்தவர்கள் இரண்டு ரகம். கட்டமைப்பில் ஒரு கேள்வி பிடிபடாமல் அதைத் துரத்திப் போனவர்கள் சிலர். முடிவை இரண்டு ஆண்டு தள்ளிப்போடப் போனவர்கள் பலர். கேட் தேர்வு எழுதி நல்ல இடத்தில் சேர்ந்ததாலேயே முதல் ரகம் என்று ஆகிவிடாது. தள்ளிப்போட்டவர்கள் வெளியே வந்தபோது, துறை சரியா என்ற கேள்வி அப்படியே இருந்தது. வயதும் வீட்டின் எதிர்பார்ப்பும் கூடியிருந்தன.

வகுப்பிலிருந்த பெண்களுக்கோ அந்தக் கேள்வியைக் கேட்கவே வாய்ப்புத் தரப்படவில்லை. சர்வே கேம்ப்பில் தியோடலைட்டைச் சரியாக மட்டம் செய்வதில் வகுப்பிலேயே கைதேர்ந்தவர் ஒரு பெண். சைட் வேலைக்கு அவர் விண்ணப்பித்தபோது, தங்குமிடம் இல்லை, ராத்திரி கான்கிரீட் இருக்கும் என்ற பதில்களோடு அனுப்பிவிட்டார்கள். பாடம் எடுக்கப் போனார். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணிகள் தேர்வில் தேறி நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர் ஆனபின்தான் அவர் கைக்குச் சாலை வந்தது. அளவுப் புத்தகத்தில் எழுதும் ஒவ்வொரு நீளத்துக்கும் அகலத்துக்கும் தானே நின்று டேப் பிடித்துப் பார்க்கிறவர் என்று கான்ட்ராக்டர்கள் சலித்துக்கொள்வதாகக் கேள்வி.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது ஐ.டி.யில் ஆள் எடுப்பது நின்றது, கட்டுமானமும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு துபாயில் கடன் நெருக்கடி வந்து, வளைகுடாவுக்குப் போயிருந்த சிவில்காரர்கள் சிலர் பெட்டியோடு திரும்பினார்கள். அதே 2009-இல் சென்னை மெட்ரோ ரயில் வேலை தொடங்கியது. வேலைச் சந்தையைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுப்பவர், நான்கு ஆண்டு கழித்து வரப்போகும் சந்தையை யூகிக்கிறார் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின. சந்தையை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் அதை மட்டும் நம்பி எடுத்தவர்கள் அது மாறியபோது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் நின்றார்கள். ஐ.டி.யில் வேலை போய்த் திரும்பியவர்களில் ஒருவர் மெட்ரோ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில், தன்னைவிட நான்கு வயது இளையவரின் கீழ்ச் சேர்ந்து மறுபடி கம்பி எண்ணினார். அவர்தான் கேம்ப்பில் விடியற்காலையில் எல்லோரையும் எழுப்பியவர். சம்பளம் குறைந்தது, வீட்டில் சண்டை நடந்தது, அவர் மாறவில்லை.

2014 ஜூன் 28 மாலை சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். இந்த வகுப்பில் சிவிலிலேயே தங்கியவர்கள் அந்த வாரம் ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டார்கள். பெரும்பாலும் பேசியது தாம் கையெழுத்துப் போட்ட கட்டடங்களைப் பற்றி. ஒருவர் அத்தோடு சைட் வேலையை விட்டு மதிப்பீட்டுப் பிரிவுக்கு மாறிக்கொண்டார். அவருக்கு அப்போது வேலை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாடம் பிடித்து, வேலையும் வந்து, சம்பளமும் சரியாக இருந்தும், தொழில் கேட்கும் பொறுப்பின் எடை ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கல்லூரியில் இதை அறிய வழியில்லை. பத்து ஆண்டு அனுபவத்துக்குப் பின்னும் துறைக்குள் இடம் மாறுவது இயல்பான காரியம் என்று எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது நெருக்கடியாகத் தெரியவில்லை.

இப்போதைய நிலை சில வகையில் எளிதாகியிருக்கிறது. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்களுக்கு வழிகாட்டலும் திறன் பயிற்சியும் தருகிறது. 2021 முதல் கேட் தேர்வில் ஒருவர் இரண்டு பாடத்தாள்கள் எழுதலாம் என்பதால், பி.இ.யில் படித்த துறையிலிருந்து பக்கத்துத் துறைக்கு நகர்வது முன்னைவிட இலகு. இன்னொரு பக்கம், ஒரு துறையில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை, அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் (ஏ.ஐ.சி.டி.இ.) 2024-இல் நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு எடுத்துவிட்டது. கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைப் பெருக்குகின்றன. பல இடங்களில் சிவில் வகுப்புகள் சுருங்குகின்றன. கட்-ஆஃப் குறைந்ததால் சிவில் கிடைத்தவர் என்ற ரகம் குறையலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்ததால் எடுத்தவர் என்ற ரகம் கூடும். கேள்வி துறை மாறி அங்கே போகும்.

இரண்டாம் ஆண்டு முடியும்போது அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது என்று இந்த வகுப்பினர் தம் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்டால் விடைக்கான பொருள் கையில் இல்லை. கேம்பஸ் வந்தபின் கேட்டால் சம்பளம் பதில் சொல்லிவிடும். இடைப்பட்ட விடுமுறையில் சான்றிதழ் வாங்காமல், வேலை நடக்கும் இடத்தில், அலுப்பான நாள்களும் சேர்த்து, இருந்து பார்க்கச் சொல்கிறார்கள். சிவில் என்றால் கான்கிரீட் போடும் நாளில் போகக்கூடாது, அன்றைக்கு எல்லோருக்கும் உற்சாகமாக இருக்கும். மறுநாளிலிருந்து தண்ணீர் விட்டு ஆறப்போடும் வாரத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள் என்பார் கான்ட்ராக்டரின் மகன். அவரும் இப்போது கான்ட்ராக்டர்தான்.